நுரையீரலைச் சுற்றிய நீரில் டிபிக் கிருமி இல்லை, ஏடிஏ என்ற சோதனை மட்டும் 58. இதை வைத்து ஆறு மாதம் டிபி மருந்து சாப்பிடலாமா?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64. மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்து. நான்கு கிலோ இளைத்துவிட்டார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் கொடுத்தார்கள். காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்து திரும்பவும் வந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். போன வாரம் முதுகுப் பக்கம் ஊசி போட்டு 900 மில்லி எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

ரிப்போர்ட்டை அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

ரத்தத்தில்: அழற்சியைக் காட்டும் சிஆர்பி 86 மி.கி./லிட்டர், இஎஸ்ஆர் 74, புரதம் 7.0, எல்டிஹெச் 240.
நீரில்: புரதம் 5.2, எல்டிஹெச் 520, சர்க்கரை 74, செல்கள் 2100, அதில் லிம்போசைட் என்ற வெள்ளணு 88 சதவீதம், ஏடிஏ 58. டிபிக் கிருமியைத் தேடும் ஏஎஃப்பி, சிபிநாட் இரண்டு சோதனையும் நெகட்டிவ். புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "டிபி மாதிரிதான் தெரியுது, மருந்து ஆரம்பிச்சிடலாம்" என்கிறார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. சளியிலும் கிருமி இல்லை, நீரிலும் கிருமி இல்லை, அப்புறம் எதை வைத்து டிபி என்கிறார். அவர் கேட்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அம்மாவுக்கோ சிஆர்பியில் அந்த 86 என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேனா:
தம்பி, சிஆர்பி எண்ணை வைத்து அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள். என் மாமனாருக்கு நிமோனியா வந்தபோது முதல் லேபில் 9.2 என்று வந்தது. மூன்றாம் நாள் வேறு லேபில் 88. பத்து மடங்கு ஏறிவிட்டது என்று மைத்துனர் துபாயிலிருந்து டிக்கெட் போட்டுக் கிளம்பியே விட்டார். கடைசியில் பார்த்தால் முதல் லேப் டெசிலிட்டர் கணக்கில் எழுதியிருக்கிறது, இரண்டாவது லிட்டர் கணக்கில். 9.2 என்பதும் 92 என்பதும் ஒன்றே. அதாவது மாமனாருக்குக் குறைந்துதான் இருந்திருக்கிறது! எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் படிக்காமல் யாரும் டிக்கெட் போட வேண்டாம்.

அது போகட்டும். கிருமியைக் கண்ணால் பார்க்காமல் டிபி மருந்து கொடுப்பது எனக்கும் உவப்பாக இல்லை. கல்லீரலைப் பாதிக்கிற மாத்திரைகள் அவை. இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டெதாஸ்கோப்:
நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை செய்பவன். அப்பாவை நேரில் பார்க்காமல் "இதுதான்" என்று சொல்ல முடியாது. ஆனால் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலுக்கு மேல் இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று விலாச்சுவரின் உட்பக்கம். இரண்டுக்கும் நடுவில் எல்லோருக்குமே துளி நீர் உண்டு, உரசாமல் வழுக்குவதற்காக. மொத்தமே 10, 20 மில்லிதான். உங்கள் அப்பாவிடம் 900 எடுத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு மிகை என்று பாருங்கள்.

இந்த நீர் இரண்டு வழியில் சேரும். இதயம், கல்லீரல், சிறுநீரகம் கெட்டு, அழுத்தம் மாறி வெறும் நீராகக் கசிவது ஒன்று. உறையே அழற்சி கண்டு, ரத்தக் குழாயின் சுவர் இளகி, புரதமும் செல்களும் சேர்ந்து வெளியேறுவது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரிக்க 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 150 பேரளவு நீர் மாதிரிகளைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். நீரின் புரதத்தை ரத்தப் புரதத்தால் வகுத்தால் 0.5-க்கு மேல், அல்லது எல்டிஹெச்சை (செல்கள் சிதையும்போது வெளிவரும் நொதி) அப்படியே வகுத்தால் 0.6-க்கு மேல், அல்லது நீரின் எல்டிஹெச் ரத்தத்துக்கான இயல்பான உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் அது அழற்சி வகை. மூன்றில் ஒன்று போதும். உங்கள் அப்பாவுக்கு 5.2-ஐ 7.0-ஆல் வகுத்தால் 0.74. எல்டிஹெச் 2-க்கு மேலேயே போகிறது. ஆகவே உறை வீங்கியிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

எதனால் வீங்கியது? சிஆர்பி அதைச் சொல்லாது. அது கல்லீரல் தயாரிக்கும் புரதம். உடம்பில் எங்காவது அழற்சி என்றால் இன்டர்லூக்கின் 6 என்ற தூதுப்பொருள் போய்க் கல்லீரலைத் தட்டும், அது சிஆர்பியைக் கொட்டும். 1930-இல் இதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். சீழ் வைத்தாலும் ஏறும், டிபிக்கும் ஏறும், புற்றுநோயிலும் ஏறலாம். ஊரில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று மணி அடிக்கும், எந்தத் தெரு என்று சொல்லாது. இஎஸ்ஆரும் அதே ரகம், இன்னும் மந்தம். ரத்தசோகை இருந்தாலே கூடுதலாகக் காட்டும்.

தெருவைச் சொல்வது நீரில் இருக்கும் செல்கள். சாதாரண பாக்டீரியா நிமோனியாவை ஒட்டி வந்த நீராக இருந்தால் அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுதான் பெரும்பாலும் நிறைந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு 88 சதவீதம் லிம்போசைட். அதனால் டிபி, புற்றுநோய், இன்னும் சில அபூர்வ நோய்கள் என்று பட்டியல் சுருங்குகிறது. ஏடிஏ இங்கேதான் வருகிறது.

காவிரிக்கரை:
சார், மிகவும் நன்றி. ஏடிஏ என்றால் கிருமி வெளியிடுவதா?

ஸ்டெதாஸ்கோப்:
இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது நம் செல்களிலேயே இருக்கும் ஒரு நொதி. டிபிக் கிருமியைத் தின்றுவிட்டு ஜீரணிக்க முடியாமல் கொதிக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை அதிகமாக விடுகின்றன. அதனால்தான் சித்தப்பா கேட்ட புதிரும் அவிழ்கிறது. உறையில் வரும் டிபியில் கிருமிகள் மிகக் குறைவு. நுரையீரலின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி உடைந்து சில கிருமிகள் உள்ளே விழுகின்றன. அவற்றைப் பார்த்து உடம்பு எகிறிக் குதிப்பதில்தான் இத்தனை நீரும். குற்றவாளி நாலு பேர், கூட்டம் நாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் கிருமி தெரிவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான். சிபிநாட்டும் உறை நீரில் பெரும்பாலும் தவறவிடும். அது பாசிட்டிவ் என்றால் நம்பலாம்; நெகட்டிவ் என்பதை வைத்து டிபி இல்லை என்று சொல்ல முடியாது.

லிம்போசைட் மிகுந்த நீர், ஏடிஏ 40-க்கு மேல், டிபி நிறைந்த நாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் டாக்டர் டிபி என்று சொல்வது யூகம் இல்லை. இதே 58 நியூட்ரோஃபில் நிறைந்த நீரில் வந்திருந்தால் நான் சீழ் என்றுதான் முதலில் நினைப்பேன், அதிலும் ஏடிஏ ஏறும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும், மூட்டுவாதத்தில் வரும் நீரிலும் ஏறும். ஏடிஏ மட்டும் தனியாக வந்து எதையும் சொல்லாது, பக்கத்தில் செல் கணக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா?

காவிரிக்கரை:
முப்பது வருடம் பீடி. நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது.

தென்காசித் தூறல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த 0.5, 0.6 கணக்கு எங்கள் வீட்டில் தலைகீழாகப் போனது. அம்மாவுக்கு இதயம் பலவீனம். இரண்டு பக்கமும் நீர். எடுத்துப் பார்த்தபோது புரத விகிதம் 0.53. அழற்சி வகை என்று எழுதிவிட்டார்கள், சிடி, அது இது என்று இரண்டு வாரம் அலைந்தோம். கடைசியில் ஒரு இதய டாக்டர், "பத்து நாளா நீர் பிரிக்கிற லாசிக்ஸ் ஊசி போயிட்டிருக்கே, தண்ணி வடிஞ்சா புரதம் கெட்டியாகாதா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஸ்டெதாஸ்கோப்:
அக்கா, சரியான இடத்தைத் தொட்டீர்கள். அந்தக் கணக்கு அழற்சி நீரைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகப் போட்டது, அதனால் அப்பாவியையும் சேர்த்துப் பிடிக்கும். இதய நோயால் வந்த நீரில் சுமார் நாலில் ஒன்று இப்படி மாட்டிக்கொள்ளும். அப்போது அல்புமின் என்ற புரதம் ரத்தத்தில் இருக்கும் அளவிலிருந்து நீரில் இருக்கும் அளவைக் கழித்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் இதயம்தான் காரணமாக இருக்கும். சாம்பார் கொதித்துச் சுண்டினால் உப்பு கூடியது போலத் தெரியுமே, அதுதான் நடந்தது.

ஆய்வகத்தான்:
லேபில் இருபது வருடமாக இருக்கிறேன். டாக்டர்கள் எண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த எண் எங்கே கெடுகிறது என்று நான் சொல்கிறேன்.

ஒரே பாட்டிலில் 50 மில்லி நீரைப் பிடித்து, சொந்தக்காரர் கையில் கொடுத்து, அவர் டீ குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து நீட்டுவார். அதற்குள் உள்ளே இருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். நீரில் சர்க்கரை 30 என்று ரிப்போர்ட் போகும், சீழ் பிடித்திருக்கிறது என்று வார்டில் பதறுவார்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப் தனி, செல் எண்ண ஊதா மூடி தனி. பிஹெச் (நீரின் அமிலத்தன்மை) பார்க்க வேண்டுமானால் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் தடவிய சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இல்லாமல் எடுத்து, ரத்த வாயு பார்க்கும் மெஷினில் உடனே போட வேண்டும். காற்றுப் பட்டால் பிஹெச் ஏறும். மரத்துப்போகப் போட்ட லிக்னோகெய்ன் கலந்தால் இறங்கும். பிஹெச் தாளை நனைத்து நிறம் பார்த்து எழுதும் இடங்கள் உண்டு. அந்த எண்ணை நம்பி யாருக்கும் விலாவில் குழாய் போடக் கூடாது.

ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோன மாதிரியில் எல்டிஹெச் பொய்யாக ஏறும். இன்னொன்று, நீர் எடுத்த அன்றே ரத்தமும் எடுக்க வேண்டும். நீர் திங்கள், ரத்தம் வெள்ளி என்று வந்தால் வகுத்து என்ன பயன்? தம்பி, உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு தேதியும் ஒன்றா என்று பாருங்கள்.

காவிரிக்கரை:
பார்த்தேன் அண்ணா. ஒரே நாள், நாற்பது நிமிட இடைவெளி.

மல்லிகைச்சரம்:
பிஹெச் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு ஏழு வயதில் நிமோனியா. ஆன்டிபயாட்டிக் நான்கு நாள் போன பிறகும் காய்ச்சல் விடவில்லை, சிஆர்பி 210-இலிருந்து 190-க்குத்தான் வந்தது. ஸ்கேனில் நீர், அதற்குள் சிலந்தி வலை மாதிரி இழைகள். எடுத்துப் பார்த்தால் பிஹெச் 7.05, சர்க்கரை 28, எல்டிஹெச் ஆயிரத்துக்கு மேல். அன்று ராத்திரியே விலாவில் குழாய் போட்டார்கள். அதன் வழியாக மருந்து ஊற்றி, கொஞ்ச நேரம் மூடி வைத்துத் திறந்தார்கள். சீழ் வந்தது. நான் வெளியே நின்று அழுதேன், என் கணவர் பில் கவுண்டரில் நின்றார். இரண்டு நாளில் காய்ச்சல் நின்றது. சிஆர்பி பாதியாகி, அதிலும் பாதியாகி இறங்கியது.

ஏன் முதலிலேயே குழாய் போடவில்லை என்று இன்றைக்கும் மனதுக்குள் கேள்வி உண்டு.

ஸ்டெதாஸ்கோப்:
அம்மா, எல்லா நிமோனியா நீருக்கும் குழாய் தேவைப்படாது. பல குழந்தைகளுக்கு மருந்திலேயே வற்றிவிடும், அதனால் காத்திருந்திருப்பார்கள். பிஹெச் 7.2-க்குக் கீழே போனால், அல்லது சர்க்கரை மிகவும் சரிந்தால் உள்ளே கிருமியும் நியூட்ரோஃபிலும் சர்க்கரையை எரித்து அமிலம் கக்குகின்றன என்று அர்த்தம். அப்போது காத்திருக்கக் கூடாது. நீங்கள் பார்த்த சிலந்தி வலை ஃபைப்ரின். அழற்சி நீரில் ரத்தம் உறைவிக்கும் புரதம் கசிந்து வலை கட்டும், அந்த வலையைக் கரைக்கும் வேலை அதே அழற்சியால் நின்றுபோகும். அறை அறையாகத் தடுப்புப் போட்டுவிட்டால் ஒரு குழாயால் எல்லா அறையும் வடியாது. குழாய் வழியாக ஊற்றியது அந்த வலையைக் கரைக்கும் மருந்தாகத்தான் இருக்கும்.

சிஆர்பிக்கு ஆயுள் குறைவு, சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகும். கல்லீரல் உற்பத்தியை நிறுத்தினால் அடுத்தடுத்த நாளில் சரிவது கண்ணுக்குத் தெரியும். நாலு நாள் மருந்துக்குப் பிறகும் அசையாமல் நிற்கும் சிஆர்பி, எங்கோ சீழ் தேங்கியிருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. சிஆர்பியால் எனக்கு இருக்கும் பெரிய உபயோகமே இதுதான். முதல் நாள் எண்ணைவிட நாலாம் நாள் எண்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு போட்டால் சிஆர்பி அழகாக இறங்கிவிடும். நோய் அப்படியே இருக்கும்.

பழைய பேனா:
சரி, புரோகால்சிடோனின், இன்டர்லூக்கின் 6 என்று ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்களே, அதுவும் தேவையா? கோவிட் சமயத்தில் வீட்டில் ஆளுக்கொரு முறை எடுத்தோம். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

ஸ்டெதாஸ்கோப்:
இந்த மாதிரி நோயாளிக்கு இன்டர்லூக்கின் 6 நான் கேட்க மாட்டேன். அழற்சி நீரில் அது குவிந்து கிடக்கும், நியூட்ரோஃபிலைக் கூப்பிடும் இன்டர்லூக்கின் 8, குழாய்ச் சுவரை இளக்கும் விஇஜிஎஃப் எல்லாமே இருக்கும். ஆராய்ச்சிக்கு அருமை. படுக்கையில் இருப்பவருக்கு அதனால் மருந்து மாறாது. புரோகால்சிடோனின் வேறு கதை. கடுமையான பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும், டிபியில் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். குழப்பமான கேஸில் உதவும். ஆனால் அதை நீரில் அளப்பதால் ரத்தத்தில் அளப்பதைவிடக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை.

ரத்தச் சிஆர்பியோடு நீரிலும் சிஆர்பி பார்க்கலாம். நிமோனியா நீரில் மிக உயரமாகவும், டிபியில் நடுவாகவும், புற்றுநோயில் தாழ்வாகவும் இருக்கும் போக்கு உண்டு. ஆனால் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதை வைத்து நான் முடிவு எடுத்ததில்லை.

நெல்லை மழை:
டெங்குவில் என் தம்பிக்கு நெஞ்சில் நீர் என்றார்கள், ஆனால் ஊசி போட்டு எடுக்கவே இல்லை. ஏன்?

ஸ்டெதாஸ்கோப்:
டெங்குவில் சில நாள் மட்டும் ரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்த மாதிரி பிளாஸ்மாவைக் கசியவிடும். உறையில் கிருமி குடியிருப்பதில்லை. ஓரிரு நாளில் கசிவு நின்று நீர் தானே திரும்பிவிடும். தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்தினால் ரத்தக்கசிவுதான் மிச்சம். சும்மா விட்டது சரி.

காவிரிக்கரை, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் பீடி, 64 வயது, எடை குறைவு. நீரில் புற்றுநோய் செல் இல்லை என்ற ஒரு ரிப்போர்ட் போதாது. புற்றுநோய் இருந்தாலும் சுமார் பத்தில் நாலு பேருக்கு அந்தச் சோதனையில் தெரியாது. உங்கள் டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் உறையிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விலா வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் தோராக்கோஸ்கோப்பி வசதி உள்ள அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. துணுக்கில் கிரானுலோமா (டிபியில் செல்கள் கூடிக் கட்டும் சிறு முடிச்சு) தெரிந்தால் சித்தப்பாவும் சமாதானம் ஆவார். கிளினிக்கில் லீவோஃப்ளாக்சசின் கொடுத்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அது டிபியையும் அரைகுறையாக அடக்கி வைக்கும், சோதனைகளைக் குழப்பும்.

காவிரிக்கரை:
சித்தப்பா இப்போது வேறு பக்கம் தாவிவிட்டார். "ஊசி போட்டு எடுத்தாச்சு, காய்ச்சலும் குறையுது, தானா சரியாகிடும், விடு" என்கிறார்.

ஸ்டெதாஸ்கோப்:
தானாக வற்றுவது உண்மைதான், அதுதான் ஆபத்து. மருந்து பரவலாக இல்லாத காலத்தில் இப்படி நீர் வந்து வற்றிய 141 அமெரிக்கப் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்து 1955-இல் எழுதினார்கள். 92 பேருக்குப் பிற்காலத்தில் டிபி முழு உருவத்தில் வந்தது, நூற்றுக்கு 65. சித்தப்பாவிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (மூன்று வாரம் கழித்து):
துணுக்கு எடுத்தாகிவிட்டது. உறை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாம், ஜவ்வரிசி தூவியது போல என்று டாக்டர் திரையில் காட்டினார். கிரானுலோமா இருக்கிறது, புற்றுநோய் இல்லை. அந்தச் சதையில் போட்ட சிபிநாட் பாசிட்டிவ், ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து வேலை செய்யும் வகை. சித்தப்பாவுக்கு ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது, வேறு பேச்சு இல்லை.

பெயரை அரசுத் திட்டத்தில் பதிந்து மருந்து தொடங்கியாகிவிட்டது. இரண்டு வயதுப் பேரன் வீட்டில் இருக்கிறான், அப்பாவைத் தனி அறையில் வைக்க வேண்டுமா? அம்மா தட்டு, டம்ளரைக்கூடப் பிரித்து வைத்துவிட்டார்.

ஸ்டெதாஸ்கோப்:
தட்டு, டம்ளரால் டிபி பரவாது, அம்மாவிடம் திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். நுரையீரலுக்குள் பாதிப்பு இல்லாமல், சளியும் நெகட்டிவ் என்றால் அவரால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. பேரனை மட்டும் ஒருமுறை குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் தடுப்பு மருந்து பற்றி அவர் முடிவு செய்வார். வீட்டில் வைத்தே டிபியைக் குணப்படுத்தலாம், அதனால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அது.

கண் மஞ்சளானாலோ, வாந்தி, சாப்பாடு வெறுப்பு வந்தாலோ உடனே ஓடுங்கள்.

காவிரிக்கரை (இரண்டு மாதம் கழித்து):
சிஆர்பி 7. லிட்டர் கணக்கில்தான், பொடி எழுத்தைப் படித்துவிட்டேன் பழைய பேனா அண்ணா! இஎஸ்ஆர் இன்னும் 38-இல் நிற்கிறது, அது மெதுவாக இறங்கும் என்றார்கள். எக்ஸ்ரேயில் கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் மங்கல், உறை தடித்திருக்கிறதாம். மூன்று கிலோ ஏறியிருக்கிறார். ஒரே சண்டை, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, ரத்தம் போகிறது என்று மாத்திரையை இரண்டு நாள் ஒளித்து வைத்துவிட்டார்.

ஆய்வகத்தான்:
ரிஃபாம்பிசின் நிறம் அது. வேட்டியில் பட்டாலும் கறை போகாது, வெள்ளை வேட்டியை ஆறு மாதம் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு நாள் விட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், நாளைக்கே சொல்லிவிடுங்கள்.